வயிற்று வலி என்று சொன்னவர்

வாய் கொப்பளிக்காமல் அண்ணாச்சியோடு ஒரு நாள் முழுக்க வேலை பார்த்தவர் யாரும் கிடையாது. கெட்ட வார்த்தை ஒன்று வாயிலிருந்து விழுந்தால் குழாயடிக்குப் போக வேண்டும். மூன்று தடவை கொப்பளித்துத் துப்ப வேண்டும். திரும்பி வந்து அடுத்த மூட்டையைத் தூக்க வேண்டும். அவர் திட்டமாட்டார். குழாய் இருக்கும் பக்கம் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவார், அவ்வளவுதான்.

சங்கரன்கோவிலில் தானியக் கமிஷன் கடைகளுக்கு மூட்டை ஏற்றி இறக்கும் ஒரு செட்டில் இரண்டு வருஷம் இருந்தேன். அதற்கு முன்னால் திருப்பூரில் சாயப்பட்டறை, சத்தீஸ்கரில் போர்வெல் வண்டி, கோட்டயத்தில் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவும் வேலை. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. ஓர் ஊரில் இரண்டு வருஷம் இருந்ததே எனக்கு அதிகம்.

செட்டில் நாங்கள் எட்டுப் பேர். அவர் மூத்தவர், ஐம்பத்தேழு வயது. எல்லாருக்கும் அண்ணாச்சி. நூறு கிலோ மூட்டையை முதுகில் வாங்கும்போது கூட அவர் முகத்தில் ஒன்றும் மாறாது. மூட்டை தூக்குகிறவன் மூச்சோடு சேர்த்து வசவையும் விடுவது எல்லா ஊரிலும் உள்ள பழக்கம். விட்டால்தான் பாரம் குறைகிற மாதிரி இருக்கும். எங்கள் செட்டில் அதற்கு வழியில்லை.

செல்லத்துரை என்று ஒருவன். என் வயதுக்காரன், நாற்பதை நெருங்குகிறவன். அவனுக்கு எதைப் பார்த்தாலும் ஆண்பிள்ளையின் அந்த இடத்துப் பெயர்தான் வாயில் வரும். மூட்டையில் கொக்கி மாட்டாவிட்டால் அது, லாரி பிந்தினால் அது, வெயிலடித்தாலும் அதுதான். ஒரு நாள் குழாயடியில் நின்றுகொண்டு கத்தினான்.

“அண்ணாச்சி, காலையிலயிருந்து இது ஆறாவது வாட்டி. இனிமே நான் வீட்டுல பல்லு வெளக்காமலேயே வந்திருதேன்.”

“வா, வா. இங்கனயே பிரஷ்ஷு வச்சுக்கோ” என்றார் அண்ணாச்சி. அவர் சிரித்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

நாமக்கல் டிரைவர் ஒருவர் லாரியை ரிவர்ஸ் எடுக்கும்போது எங்கள் எல்லாரையும் எங்கள் தாயாரையும் சேர்த்துத் திட்டினார். அண்ணாச்சி போய் ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்து நீட்டினார். டிரைவருக்கு என்ன தெரியும்? தாகத்துக்குக் கொடுக்கிறார் என்று அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்துவிட்டு, “ரொம்ப தேங்க்ஸ்ங்க பெரியவரே” என்றார். நாங்கள் சோள மூட்டைகளின் மேல் விழுந்து சிரித்தோம். விஷயம் தெரிந்ததும் அவரும் சிரித்தார். பிறகு எப்போது வந்தாலும் வண்டியை விட்டு இறங்கியதும் நேரே குழாயடிக்குப் போய் முன்கூட்டியே கொப்பளித்துவிட்டு வருவார்.

எங்கள் கொட்டகைக்குப் பெண்கள் தயங்காமல் வருவார்கள். சிந்திய சோளத்தைக் கூட்டி அள்ளவும், உளுந்தைப் புடைக்கவும் ஆள் தேவைப்படும். பக்கத்துக் கொட்டகைகளில் கூப்பிட்டால் யோசிப்பவர்கள், இங்கே கூப்பிடாமலே வந்து நிற்பார்கள். “இங்கன வந்தா காது வலிக்காதுய்யா” என்று ஒரு அம்மாள் என்னிடம் சொன்னார். சாக்கு மறைப்பு கூட இல்லாத இடத்தில் அந்தப் பெண்கள் காலை நீட்டி உட்கார்ந்து மத்தியானச் சாப்பாடு சாப்பிடுவார்கள்.

வசவு மட்டும் என்றில்லை, உடம்பைப் பற்றிய எந்தப் பேச்சும் அவருக்கு ஆகாது. சிறுநீர் கழிக்கப் போனால் “செத்த ஒதுங்கிட்டு வாரேன்” என்பார். கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, “மக வீட்டுல ஒரு ஆள் கூடியிருக்கு” என்று சொல்லி மிட்டாய் கொடுத்தார். ஆணா பெண்ணா என்று நாங்கள் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது.

ஒரு தடவை டீக்கடையில் வைத்து, கோட்டயத்தில் எனக்குப் பழக்கமான ஒரு பெண்ணைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிட்டேன். அவர் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார். எட்டு நாள் என்னோடு பேசவில்லை. ஒன்பதாவது நாள் “கொக்கியத் தா தம்பி” என்றார். ஏன் பேசவில்லை என்று கேட்டேன். “எனக்குக் கேக்கப் பிடிக்கல” என்றார். இதற்கு மேல் காரணம் எதுவும் அவர் சொல்லவில்லை. எனக்கு அன்றைக்கு அவர்மேல் மரியாதை இருந்தது. கொஞ்சம் பயமும் இருந்தது. ஒரு மனிதன் தன் வாயை இவ்வளவு இறுக்கி வைத்திருந்தால் உள்ளே இருப்பது எப்படி வெளியே வரும் என்று நினைத்தேன்.

மாசி மாதத்தில் அது நடந்தது. திருவேங்கடம் பக்கத்திலிருந்து மக்காச்சோளம் வந்திருந்தது. காலை ஏழு மணிக்கு இறக்க ஆரம்பித்தோம். நாலாவது மூட்டையை முதுகில் வாங்கியவர் இரண்டு எட்டு வைத்து நின்றார். மூட்டையைக் கீழே போட்டார். நான் வந்த நாளிலிருந்து அவர் மூட்டையைப் போட்டு நான் பார்த்ததில்லை. முகம் சாம்பலாகிவிட்டது. சுவர் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தார்.

“என்ன செய்யுது அண்ணாச்சி?”

“சூடு தம்பி. வயிறு வலிக்கு. வெறும் வயித்துல டீயக் குடிச்சேன்லா.”

எங்கள் பக்கத்தில் சூடு என்று சொல்லிவிட்டால் போதும், அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை. கண் எரிந்தாலும் சூடு, நீர்க் கடுப்புக்கும் சூடு, அடிவயிறு இழுத்தாலும் சூடு. நான் ஓடிப்போய் மோர் வாங்கி வந்தேன். செல்லத்துரை தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னான். அவர் இரண்டு காலையும் அகட்டி, குனிந்தபடியே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வேர்வை நிற்காமல் ஓடியது. பத்து மணிக்கு மேல் முடியாமல் ஆட்டோ பிடித்து வீட்டுக்குப் போனார்.

மத்தியானம் அவருடைய தூக்குவாளியைக் கொடுக்கப் போனேன். சுருண்டு படுத்திருந்தார். அவர் மனைவி, எங்களுக்கு மதினி, கோயில் புற்றுமண்ணைத் தண்ணீரில் குழைத்து அவர் வயிற்றில் பூசிக்கொண்டிருந்தார். தொப்புளைச் சுற்றி வட்டமாக, பக்தியோடு பூசினார். மதினியிடமும் அவர் வயிறு என்றுதான் சொல்லியிருக்கிறார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவளிடமும் வலிக்கிற இடத்தைச் சொல்லவில்லை. சாமியின் மண்ணையும் தவறான இடத்தில் வாங்கிக்கொண்டு படுத்திருந்தார்.

இது எனக்குப் பிறகுதான் தெரியும். அன்றைக்கு நானும் வயிறு என்றுதான் நம்பினேன்.

இரண்டு மணிக்கு என் பைக்கில் ஏற்றிக்கொண்டு ஒரு தனியார் டாக்டரிடம் போனேன். பைக்கில் உட்காரும்போது அவர் போட்ட சத்தம் இன்னும் நினைவிருக்கிறது. டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். அப்புறம் ஒழுங்காகவே கேட்டார்.

“ஒண்ணுக்குப் போறீங்களா? கீழே எங்கேயாவது வலி, வீக்கம் இருக்கா?”

பக்கத்தில் ஒரு நர்ஸ் பெண் நின்றாள், இருபது வயது இருக்கும். இந்தப் பக்கம் நான். அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

“இல்லீங்கய்யா. வயிறுதான்.”

வாயுவுக்கு ஒரு ஊசி, மூன்று வேளை மாத்திரை. வீட்டில் கொண்டு போய் விட்டுவிட்டு நான் மிச்ச லோடை இறக்கப் போய்விட்டேன். ‘இல்லீங்கய்யா’ என்று சொல்லும் முன் அவர் என்னைப் பார்த்த பார்வை மட்டும் மனதில் உறுத்தியது. நான் வெளியே போயிருக்க வேண்டும் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை மதினி போன் செய்தார். “தம்பி, காய்ச்சல் அனலாக் கொதிக்கு. இவுக வேட்டிய இறுக்கிப் பிடிச்சிக்கிட்டு என்னைக் கிட்ட விட மாட்டேங்காக.” அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே இருந்தது ஒரு பெண் டாக்டர். அவர் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. திரையை இழுத்துவிட்டு வேட்டியை விலக்கிப் பார்த்தார். வெளியே வந்து என்னிடம், “இந்த வயசுல கீழ வீங்கினா பெரும்பாலும் கிருமியாத்தான் இருக்கும். ஆனா பார்த்தா அப்படித் தெரியல” என்று சொல்லி ஸ்கேன் எடுக்க வைத்தார். ஸ்கேனில் ஒரு பக்கத்துக்கு ரத்தமே போகவில்லை. ஆம்புலன்ஸில் திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

அங்கே அறுவை டாக்டர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்கு ஆரம்பிச்சது?” என்பது.

“நேத்து காலையில ஏழு மணி” என்றேன்.

அவர் விரல் விட்டு எண்ணினார். எண்ணி முடித்ததும் தலையை அசைத்தார். தன் கழுத்தில் கிடந்த ஸ்டெதஸ்கோப்பின் குழாயை எடுத்து இரண்டு சுற்று முறுக்கிக் காட்டினார். “விதை இந்த மாதிரி தன் காம்புலயே சுத்திக்கிச்சு. முறுக்கினா ரத்தம் போகாது. ஆறு மணி நேரத்துக்குள்ள வந்திருந்தா திருப்பி வச்சிருக்கலாம். இப்ப எடுத்துத்தான் ஆகணும்.”

“இது சின்னப் பயல்களுக்கு வர்றதுன்னு அங்க பேசிக்கிட்டாங்களே சார்.”

“அவங்களுக்குத்தான் அதிகம். ஆனா வயசானவங்களுக்கு வரவே வராதுன்னு கிடையாது. அபூர்வமா வரும். அதனாலதான் யாரும் நினைச்சுப் பார்க்கறதில்லை.” பிறகு அண்ணாச்சியின் பக்கம் திரும்பி, “முன்னாடி எப்பவாவது இப்படி வலிச்சுத் தானா விட்டிருக்கா?” என்றார்.

“ரெண்டு மூணு வாட்டி” என்றார் அண்ணாச்சி, காற்றுப் போல.

“யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

அண்ணாச்சி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விதை என்ற சொல் எங்கள் கொட்டகையில் நாள் முழுவதும் புழங்கும் சொல். விதைச் சோளம், விதை உளுந்து. அவரே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அதைச் சொல்லியிருந்தாலும் போதும், டாக்டர் புரிந்துகொண்டிருப்பார். நாங்கள் எங்கள் வாயால் அந்த இடத்தையே வசவாக்கி வைத்திருந்தோம். அவருக்கு அதைச் சொல்ல ஒரு நல்ல சொல் கூட மிச்சமில்லாமல் போயிற்று என்று இப்போது நினைக்கிறேன்.

சம்மதப் படிவத்தை நர்ஸ் வார்டில் வைத்துச் சத்தமாகப் படித்தார். என்ன எடுக்கிறார்கள், எந்தப் பக்கம் எடுக்கிறார்கள் என்று எல்லாம் இருந்தது. அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள், மதினி கீழே இட்லி வாங்கப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, அங்கன கேப்பானுவ. குடலிறக்கம்னு சொல்லிரு.”

“சரி அண்ணாச்சி.”

“செல்லத்துரைக்குத் தெரிஞ்சா…” என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

“தெரியாது அண்ணாச்சி” என்றேன்.

இருந்த இன்னொன்றை மறுபடி திரும்பாதபடி தைத்து வைத்திருப்பதாகவும், ஒன்று போதும், உடம்புக்கு ஒரு குறையும் இல்லை என்றும் டாக்டர் சொல்லி அனுப்பினார். உடம்புக்குக் குறையில்லை என்பது உண்மைதான். இரண்டு மாதத்தில் எழுந்து வந்தார். மூட்டை தூக்க வேண்டாம் என்று கடைக்காரர் கோணி ஊசியைக் கையில் கொடுத்து மூட்டை வாய் தைக்க உட்கார வைத்தார். குடலிறக்கம் என்பதை எல்லாரும் நம்பினார்கள். பாரம் தூக்குகிறவனுக்கு அது வருவது வழக்கம்தானே. செல்லத்துரை தன் மாமனுக்கு நடந்த குடலிறக்க ஆபரேஷனை அவரிடம் விஸ்தாரமாகச் சொன்னான். அவர் “ஆமா, ஆமா” என்று கேட்டுக்கொண்டார்.

கொப்பளிக்கிற சட்டம் மறுபடி நடந்தது. ஆனால் தலையை ஆட்டும் முன் கொஞ்சம் யோசித்தார். அந்த இடத்துப் பெயரைச் செல்லத்துரை சொல்லும்போதெல்லாம் என் கண் தானாக அவர் பக்கம் போகும். அவர் ஊசியைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஐப்பசி பிறந்து சில நாள் ஆகியிருக்கும். காலை பதினோரு மணி. செல்லத்துரைக்கு அவன் பெண்டாட்டி போன் செய்தாள். அவன் மகன் பத்தாம் வகுப்பு. பள்ளிக்கூடத்தில் வலி தாங்காமல், ஒரு மணி நேரத்துக்கு முன் வீட்டுக்கு வந்து படுத்திருக்கிறான். போனைக் காதில் வைத்துக்கொண்டே எங்களிடம் சிரித்தான்.

“சூடுதாம் ஏட்டி. வெளக்கெண்ணெயத் தொப்புள்ல வையி, கால் பெருவிரல்லயும் தடவு. கிடக்கட்டும். சாயங்காலம் வாரேன்.”

“எங்க வலியாம்?” என்று கேட்டேன்.

“அடிவயித்துலயாம். வாந்தி வேற எடுத்தானாம். பரோட்டா தின்னுருப்பான்.”

நான் அவன் கையைப் பிடித்தேன். “செல்லத்துரை, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ. கீழ வலிக்கான்னு கேளு. வயிறுன்னுதான் சொல்லுவான்.”

“ஏலே, நீ எப்பம்ல டாக்டருக்குப் படிச்ச? எட்டாப்புதான? லோடு நிக்கி. போ, போ.”

“சொன்னாக் கேளு. நேரமாச்சுன்னா எடுத்துருவாங்க.”

“எதை எடுத்துருவாங்க?”

அண்ணாச்சி பத்தடி தள்ளித் தைத்துக்கொண்டிருந்தார். எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஊசி நின்றுவிட்டது. அவர் மூட்டையில் கையை ஊன்றி எழுந்து நின்றார். அவர் வாய் திறந்ததா, உதடு துடித்ததா, எனக்கு நிச்சயமில்லை. செல்லத்துரை கொக்கியை எடுத்துக்கொண்டு லாரிப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிட்டான். நான் பொறுக்கவில்லை.

“அண்ணாச்சிக்கு வந்தது குடலிறக்கம் இல்லலே! விதை முறுக்கிருச்சு. அவரும் வயிறுன்னுதான் சொன்னாரு. ஒண்ண எடுத்துட்டாங்க!”

லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்ததால் கத்தித்தான் சொன்னேன். செட்டு முழுக்கக் கேட்டது. உளுந்து புடைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்களுக்கும் கேட்டது. சுளகு நின்றது. செல்லத்துரை அண்ணாச்சியைப் பார்த்தான். அவர் இல்லை என்று சொல்லவில்லை. அவன் கொக்கியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான்.

நான் திரும்பிப் பார்த்தபோது அண்ணாச்சி உட்கார்ந்துவிட்டார். பாதியில் நின்ற மூட்டை வாயைத் தைத்து முடித்தார். முடிச்சுப் போட்டு நூலை அறுத்தார். ஊசியைக் கடைக்காரர் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

மறுநாள் வந்தார். அதுதான் கஷ்டம். யாரும் கேலி செய்யவில்லை. கேலி செய்திருந்தால் குழாயைக் காட்டியிருப்பார். எல்லாரும் அவருக்கு வழி விட்டார்கள். ஒருவன் அவர் உட்காரச் சாக்கு விரித்துப் போட்டான். பெண்கள் அவர் முகத்தைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். செல்லத்துரை வந்து எல்லார் முன்னாலும் அவர் காலைத் தொட்டான். அவர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். அன்றைக்குக் கொட்டகையில் ஒரு வசவு கூட விழவில்லை. பேச்சே இல்லை. மத்தியானம் நாமக்கல் டிரைவர் வண்டியோடு வந்து, யாரோ காதில் சொல்ல, “அந்தப் பெரியவருக்கா?” என்று கேட்டது மட்டும் தெளிவாகக் கேட்டது. அடுத்த நாளிலிருந்து அண்ணாச்சி வரவில்லை.

பதினைந்து நாள் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனேன். கோவில்பட்டிக்கு மகள் வீட்டோடு போய்விடப் போவதாக மதினி சொன்னார். பாத்திரங்கள் சாக்கில் கட்டியிருந்தன. அண்ணாச்சி வாசலுக்கு வந்தார், உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“அந்தப் பயலுக்கு எத்தன மணி நேரம் ஆயிருந்துச்சு?”

“ரெண்டரை அண்ணாச்சி.”

“திருப்பி வச்சிட்டாங்களா?”

“வச்சிட்டாங்க. ஒண்ணும் எடுக்கல. பள்ளிக்கூடம் போவுதான்.”

தலையை ஆட்டினார். தெருவைப் பார்த்தபடி சொன்னார்.

“நான் எந்திரிச்சேன்லா தம்பி.”

“ஆமா அண்ணாச்சி.”

“நான் சொல்லியிருப்பேன். நீ விடல.”

உள்ளேயிருந்து மதினி எதற்கோ கூப்பிட்டார். அவர் காலைச் சற்று அகட்டி வைத்து, ஆபரேஷனுக்குப் பிறகு பழகிப்போன அந்த நடையில், உள்ளே போனார்.